மேல் என்றால் ‘ஒன்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரு சிறு அட்டவணை தவறாமல் இருக்கும். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஒன்’ என்றால் மேலே, ‘அட்’ என்றால் இல். பாடமாக்க இலகு. ஆனால் திருகோணமலைப் பிள்ளை தன் ஊர் எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் முதல் வரியிலேயே அட்டவணை கைவிட்டுவிடும். நமது ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. கரைக்கு உள்ளேயும் இல்லை, மேலேயும் இல்லை. ஆங்கிலம் இதை ‘ஒன் தி ஈஸ்ட் கோஸ்ட்’ என்கிறது. பிள்ளை ‘இன்’ என்று எழுதுகிறது, ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டுகிறார், காரணம் பேசப்படாமலே அடுத்த பாடம் வந்துவிடுகிறது.

அந்த அட்டவணையைக் கைவிட்டு, இடத்தைச் சொல்லும் ‘இன்’, ‘ஒன்’, ‘அட்’ போன்ற முன்னிடைச் சொற்களை வேறு வழியில் கற்பிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை ஆசிரியர்களும் பெற்றோரும் படிப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

வீட்டில், மேசையில், சந்தியில், பஸ்ஸில், சுவரில், படத்தில் எல்லாவற்றுக்கும் நமக்கு ‘இல்’ ஒன்றே போதும். இது தமிழின் குறை அல்ல. ஏழாம் வேற்றுமைக்கு நமது பழைய இலக்கணங்கள் கண், கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல், பின், அயல், முன், இடை, கடை, தலை, வலம், இடம் என்று நீண்ட வரிசையே தருகின்றன. நுட்பம் வேண்டுமானால் தமிழ் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். வேண்டாதபோது ‘இல்’ என்று சொல்லி மீதியைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடும். ஆங்கிலம் அப்படி விடாது, ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆகவே பிள்ளை கேட்க வேண்டியது ‘இல்லுக்கு ஆங்கிலம் என்ன’ என்பதல்ல. இந்த இடத்தை நான் இப்போது எப்படிப் பார்க்கிறேன், சுற்றிலும் எல்லை கொண்ட ஓர் இடமாகவா, தொட்டு நிற்கும் ஒரு பரப்பாகவோ கோடாகவோவா, அல்லது வெறும் புள்ளியாகவா என்பதே கேள்வி. முதலாவதுக்கு ‘இன்’, இரண்டாவதுக்கு ‘ஒன்’, மூன்றாவதுக்கு ‘அட்’.

‘ஒன்’ தான் அதிகம் குழப்புவது. அதிலிருந்து தொடங்குவோம். முகட்டில் ஒரு பல்லி தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்லி முகட்டுக்குக் கீழே இருக்கிறது, ஆனாலும் ஆங்கிலத்தில் அது ‘ஒன் த சீலிங்’. சுவரில் தொங்கும் கலண்டர் ‘ஒன் த வோல்’. விரலில் உள்ள மோதிரம் ‘ஒன்’. இவற்றில் எதிலும் ‘மேல்’ இல்லை, தொடுகை இருக்கிறது. தொட்டுக்கொண்டு அந்தப் பரப்பால் தாங்கப்படுவதே ‘ஒன்’. மேலே இருந்தும் தொடாவிட்டால் சொல் மாறிவிடும். கிண்ணியாப் பாலத்தில் போகும் பஸ் பாலத்துக்கு ‘ஒன்’, அந்தப் பாலம் கீழே ஓடும் நீருக்கு ‘ஓவர்’. வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினால் ‘மேல்’ என்ற மொழிபெயர்ப்பு தானாகவே உதிர்ந்துவிடும்.

பரப்பைப் போலவே கோட்டுக்கும் ‘ஒன்’ தான். கரை ஒரு கோடு, வீதி ஒரு கோடு, ஆறு ஒரு கோடு, எல்லையும் ரயில் பாதையும் கோடுகள். அந்தக் கோட்டைத் தொட்டபடி இருக்கும் ஊர் ‘ஒன்’. திருகோணமலை கிழக்குக் கரைக்கு ‘ஒன்’, மூதூர் கொட்டியார் குடாவுக்கு ‘ஒன்’, கந்தளாய் ஏ6 வீதிக்கு ‘ஒன்’. ஆனால் திருகோணமலை கிழக்கு மாகாணத்துக்கு ‘இன்’, ஏனெனில் மாகாணம் எல்லை கொண்ட நிலப்பரப்பு. ‘ஈஸ்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் முன்னிடைச் சொல்லைத் தீர்மானிக்கும் பிள்ளை இங்கே தவறும். அதற்குப் பின்னால் வரும் பெயர் கரையா மாகாணமா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும்.

அடுத்து, பல கைந்நூல்களில் காணும் இன்னொரு விதி: சிறிய இடத்துக்கு ‘அட்’, பெரிய இடத்துக்கு ‘இன்’. இதை நம்பிப் பிள்ளைகள் சல்லி, சாம்பல்தீவு போன்ற ஊர்களுக்கு ‘அட்’ போடுகிறார்கள், கொழும்புக்கு மட்டும் ‘இன்’ போடுகிறார்கள். அளவு இங்கே காரணமே இல்லை. கந்தளாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழ்பவர் ‘இன் கந்தளாய்’ வாழ்கிறார், ஊர் அவரைச் சூழ்ந்திருக்கிறது. திருகோணமலையிலிருந்து புறப்படும் ரயில் ‘அட் கந்தளாய்’ நிற்கிறது, பயணத்தில் அது ஒரு தரிப்பிடம், வரைபடத்தில் ஒரு புள்ளி. கந்தளாய் ரயில் பாதைக்கு ‘ஒன்’, பாதை அதைத் தொட்டுப் போகிறது. ஒரே ஊர், மூன்று பார்வை, மூன்று சொல். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மீதிப் பாதி தானாக வரும். சல்லி எவ்வளவு சிறிய ஊராக இருந்தாலும் அதில் குடியிருப்பவருக்கு அது ‘இன்’ தான்.

புள்ளியாகப் பார்ப்பது என்றால் என்ன? உள்ளேயா வெளியேயா என்பது முக்கியமில்லை, அந்த இடம் ஓர் அடையாளமாக இருந்தால் போதும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திப்போம் என்று ஆங்கிலத்தில் சொல்ல ‘அட்’ வேண்டும். அங்கே ‘இன்’ போட்டால் கோபுரத்துக்குள் நுழைய வேண்டும், ‘ஒன்’ போட்டால் உச்சியில் ஏறி நிற்க வேண்டும். சந்தி, பஸ் தரிப்பிடம், வாசல், வரிசையின் முடிவு, மலையின் உச்சி, பக்கத்தின் அடி எல்லாம் இப்படித்தான் ‘அட்’ எடுக்கும். ஓர் இடத்துக்கு அதன் வேலைக்காகப் போயிருந்தாலும் ‘அட்’ தான்: பள்ளிக்கூடம், வேலைத்தலம், வங்கி, தபாலகம், மீன் சந்தை. கட்டடத்தின் உள்பக்கத்தையே சொல்ல வந்தால் மட்டும் ‘இன்’. மழை பெய்ததால் எல்லாரும் தபாலகத்துக்குள் ஒதுங்கினார்கள் என்றால் ‘இன்’, அவர் முத்திரை வாங்கத் தபாலகத்துக்குப் போயிருக்கிறார் என்றால் ‘அட்’.

வைத்தியசாலையில் இந்த வேறுபாடு வீட்டையே கலக்கும். ‘அப்பா இஸ் இன் ஹொஸ்பிட்டல்’ என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தி போனால், அப்பாவை வார்ட்டில் அனுமதித்துவிட்டார்கள் என்றுதான் அங்கே விளங்கும். அப்பா மாமாவைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றால் ‘அட் த ஹொஸ்பிட்டல்’. ‘த’ என்ற சிறு சொல்லும் சேர்ந்தே மாறுவதைக் கவனிக்க வேண்டும். பிரித்தானிய வழக்கில் அது இல்லாமல் வந்தால் நோயாளி. அமெரிக்கர் நோயாளிக்கும் ‘இன் த ஹொஸ்பிட்டல்’ என்பார்கள். நமது பாடசாலைகள் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுவதால் அதையே பிள்ளைகள் பழகட்டும்.

நமது மாவட்டத்தில் அதிகம் காணும் பிழை கடற்கரையில்தான். ‘வீ பிளேய்ட் இன் த பீச்’ என்று எழுதாத மாணவர் குறைவு. மணல் ஒரு பரப்பு, அதில் நிற்கிறோம், விளையாடுகிறோம், ஆகவே ‘ஒன் த பீச்’. ‘இன்’ போட்டால் மணலுக்குள் புதைந்து கிடப்பது போலத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போயிருந்தார்கள் என்று பொழுதுபோக்கைச் சொல்லும்போது ‘அட் த பீச்’. கடலில் குளிப்பது ‘இன் த சீ’. ஆழ்கடலில் பயணத்தில் இருக்கும் கப்பல் ‘அட் சீ’, இங்கே ‘த’ கிடையாது. துறைமுகம் மூன்று பக்கமும் சூழ்ந்திருப்பதால் கப்பல் ‘இன் த ஹாபர்’. இறங்குதுறையில் கட்டியிருக்கும் வள்ளம் ‘அட் த ஜெற்றி’, அந்த இறங்குதுறைப் பலகையில் நின்று தூண்டில் போடுபவர் ‘ஒன் த ஜெற்றி’.

புறாத்தீவைப் பற்றி எழுதும்போது வேறொரு சொல் தேவை. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றரில் கடலில் இருக்கிறது அது. நிலாவெளிக் கரைக்கு அப்பால் என்று நாம் சொல்வதை ஆங்கிலம் ‘ஒஃப்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும்: ‘ஒஃப் நிலாவெளி’, ‘ஒஃப் த கோஸ்ட்’. எழுத்தில் இதற்கு இரண்டு ‘எஃப்’ வரும். ஒரு ‘எஃப்’ விட்டுவிட்டால் ‘உடைய’ என்ற பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும். விளம்பரப் பலகைகளில் இந்தப் பிழை ஏராளம், எழுதுபவர் பார்ப்பது ஓசையை மட்டும்தான். தீவுக்குப் போன பிறகு ‘ஒன் பிஜன் ஐலண்ட்’, ஏனெனில் சிறு தீவு காலுக்குக் கீழே உள்ள நிலம். இலங்கையும் தீவுதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. நாடாகப் பெயர் சொன்னால் ‘இன் ஸ்ரீ லங்கா’. தீவு என்ற நிலத்தை மனத்தில் வைத்து, பெயர் சொல்லாமல் ‘ஐலண்ட்’ என்றால் ‘ஒன் தி ஐலண்ட்’.

கோணேசர் கோயிலை ஒரு வாக்கியத்தில் விவரிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. கோயில் சுவாமி மலைக்கு ‘ஒன்’. பிரட்றிக் கோட்டைக்கு ‘இன்’, கோட்டை மதிலால் சூழப்பட்டது. குடாநாட்டின் முனைக்கு ‘அட்’. கோட்டை வாயிலைக் கடந்து போவது ‘த்ரூ’. கோட்டைக்குள் மேயும் மான்கள் மரத்தடியில் நின்றால் ‘அண்டர்’. மரத்தில் குரங்கு இருந்தால் ‘இன் த ட்ரீ’, கிளையும் இலையும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. அதே மரத்தில் காய் ‘ஒன் த ட்ரீ’, அது மரத்தோடு ஒட்டியிருக்கிறது. ஒரு மாணவர் இந்த ஒரே காட்சியில் ஆறு இடக்குறிப்புகளைச் சரியாக எழுதிவிட்டால், வெற்றிடம் நிரப்பும் பயிற்சித்தாள் பத்தைவிட அது மேல்.

வாகனங்கள். பஸ், ரயில், கப்பல், விமானம் ‘ஒன்’. கார், வான், ஓட்டோ, லொறி ‘இன்’. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ‘ஒன்’, அவற்றில் ஏறி உட்காருகிறோம். முதற் கூட்டத்தில் நிமிர்ந்து நடமாடலாம், நேரசூசிப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும். இரண்டாவதில் குனிந்து நுழைந்து உட்கார வேண்டும். நடமாட்டம் ஒன்றுதான் காரணம் என்று நினைக்கக் கூடாது. ஓடாமல் ஒதுக்கிவிட்ட பழைய பஸ் ஒன்றுக்குள் சிறுவர்கள் விளையாடினால் ஆங்கிலம் ‘இன்’ என்றே சொல்லும், பயணம் இல்லாததால் அது வெறும் கூடு. படகிலும் இந்த நுட்பம் உண்டு: மீன்பிடி வள்ளத்தில் இருப்பவர் ‘இன்’, பெரிய பயணிகள் படகில் இருப்பவர் ‘ஒன்’.

அடுத்த பிழைக்குக் காரணம் ‘இல்’ அல்ல, ‘கு’. தமிழில் வங்கிக்கு எதிரே, வங்கிக்குப் பக்கத்தில், வங்கிக்குப் பின்னால், வங்கிக்கு முன்னால் என்று நான்கிலும் நான்காம் வேற்றுமை வருகிறது. பிள்ளை அந்தக் ‘கு’வை எடுத்து ‘டு’ ஆக்கிவிடும். ‘ஒப்பொசிட் டு த பாங்க்’, ‘பிஹைண்ட் டு’, ‘ஃப்ரண்ட் டு’ எல்லாம் இப்படிப் பிறந்தவை. ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும்போது ஒப்பொசிட், நியர், பிஹைண்ட், பிசைட் ஆகிய நான்குக்குப் பின்னாலும் எந்த ஒட்டும் வேண்டாம், நேரே இடத்தின் பெயரை எழுத வேண்டியதுதான். ‘நெக்ஸ்ட்’ மட்டும் ‘டு’ கேட்கும், ‘இன் ஃப்ரண்ட்’ ‘ஒவ்’ கேட்கும். வினைகளிலும் இதே நோய் உண்டு. ‘ரீச்’, ‘என்ரர்’ இரண்டும் இடத்தை நேரே எடுக்கும். கோட்டையை அடைந்தோம் என்று தமிழில் இரண்டாம் வேற்றுமை வருவது போல என்று சொல்லிக்கொடுத்தால் மறக்காது. ‘அரைவ்’ என்றால் ஊருக்கும் நாட்டுக்கும் ‘இன்’, நிலையத்துக்கும் கட்டடத்துக்கும் ‘அட்’. ‘டு’ ஒருபோதும் வராது.

முன்னால், எதிரே என்ற இரண்டையும் நாம் பேச்சில் கலந்தே பாவிக்கிறோம். ஆங்கிலத்தில் அவை பிரிந்தவை. வங்கியின் பக்கத்திலேயே, அதன் வாசலடியில் நிற்பது ‘இன் ஃப்ரண்ட் ஒவ்’. வீதியைக் கடந்து மறுகரையில் நிற்பது ‘ஒப்பொசிட்’. விடுதிக்காரர் வெளிநாட்டவருக்கு ஓட்டோ எங்கே நிற்கும் என்று தட்டச்சு செய்து அனுப்பும்போது இதை மாற்றிப் போட்டால், பயணி பொதியோடு வீதியின் ஒரு பக்கத்திலும் ஓட்டோ மறுபக்கத்திலும் காத்திருக்கும். இன்னொன்று: ‘இன் ஃப்ரண்ட் ஒவ் த பஸ்’ என்றால் பஸ்ஸுக்கு வெளியே, அது வரும் வழியில். ‘இன் த ஃப்ரண்ட் ஒவ் த பஸ்’ என்றால் பஸ்ஸுக்குள், முன் இருக்கையில்.

மூலையில் தமிழே நமக்குக் கைகொடுக்கிறது. அறைக்கு மூலை, வீதிக்கு முடக்கு. மூலைக்கு ‘இன் த கோணர்’, முடக்குக்கு ‘ஒன்’ அல்லது ‘அட் த கோணர்’. ஆங்கிலத்தில் பெயர் ஒன்றுதான், வேறுபாட்டை முன்னிடைச் சொல்தான் சுமக்கிறது.

முகவரி எழுதுபவர்களுக்கு: கதவிலக்கம் வந்தால் ‘அட்’, ஊருக்கு ‘இன்’, மாடிக்கு ‘ஒன்’. வீதிக்கு மட்டும் வழக்குகள் பிரிகின்றன. நகரின் உள் வீதிக்குப் பிரித்தானியர் ‘இன்’ போடுவார்கள், அமெரிக்கர் ‘ஒன்’ போடுவார்கள். நிலாவெளி வீதி போன்ற ஊரிணைக்கும் நீண்ட பெரு வீதிக்கு இருவரும் ‘ஒன்’. எனவே இந்த ஓரிடத்தில் மாணவர் ‘ஒன்’ எழுதினால் வெட்டாதீர்கள். ‘பிளேயிங் இன் த ரோட்’ என்றால் வாகனம் ஓடும் நடு வீதியில் என்ற பொருள் வருவதையும் மறக்க வேண்டாம். பத்திரிகையில் ‘இன்’, அதன் 5ஆம் பக்கத்தில் ‘ஒன்’, வரைபடத்தில் ‘ஒன்’, புகைப்படத்தில் ‘இன்’. இடது பக்கம் ‘ஒன்’, நடுவில் ‘இன்’.

திசை சொல்லும்போது எல்லையை முதலில் பார்க்க வேண்டும். புல்மோட்டை நமது மாவட்டத்தின் வடக்கில், மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: ‘இன் த நோர்த் ஒவ்’. முல்லைத்தீவு மாவட்டம் நமக்கு வடக்கே, வெளியே இருக்கிறது: ‘டு த நோர்த் ஒவ்’. தமிழில் வடக்கில், வடக்கே என்ற சிறு வேறுபாட்டை வகுப்பில் அழுத்திச் சொன்னால் போதும். தூரத்தைச் சேர்த்தால் திசைக்கு முன்னால் முன்னிடைச் சொல்லே வேண்டாம். நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வடக்கே உள்ள நிலாவெளிக்கு, எண்ணைச் சொல்லி ‘நோர்த் ஒவ்’ என்று முடித்துவிடலாம்.

கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஏ4 தாளில் தன் வீட்டிலிருந்து பாடசாலை வரையான வழியைக் கோட்டுப் படமாக வரையட்டும். அதில் கடை, சந்தி, பாலம், கோயில் அல்லது பள்ளிவாசல், மதகு, மரம் என்று 10 அடையாளங்களைக் குறிக்கட்டும். ஒவ்வொன்றின் அருகிலும், எல்லை கொண்ட இடமாகப் பார்த்தால் பெட்டி, பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் கோடு, அடையாளமாக மட்டும் பார்த்தால் புள்ளி என்று மூன்றில் ஒரு சிறு குறியை இட வேண்டும். முன்னிடைச் சொல்லை அதற்குப் பிறகே எழுத வேண்டும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது, மாறினால் பழைய மொழிபெயர்ப்புப் பழக்கம் திரும்பிவிடும். பிறகு படத்தை மறைத்துக்கொண்டு வாக்கியங்களை அடுத்தவருக்கு வாசிக்க, அவர் கேட்டபடி வரைய வேண்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை கண்ணுக்குத் தெரியும். எதிரே என்ற இடத்தில் முன்னால் என்று சொன்னவரின் கடை வீதியின் மறுபக்கத்துக்குப் போயிருக்கும். சிவப்பு மை தேவைப்படாது. 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் வரைதல், எழுதுதல், ஒப்பிடுதல் மூன்றும் முடியும். அடுத்த பாடவேளையில் அதே தாளை வைத்து ‘அலோங்’, ‘அக்ரொஸ்’, ‘பாஸ்ட்’ என்ற அசைவுச் சொற்களைச் சேர்க்கலாம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘ஷீ இஸ் ... த டெம்பிள்’ என்று ஒற்றை வரியில் வெற்றிடம் விட்டு ஒரே விடையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றால் ‘அட்’, மண்டபத்துக்குள் நிற்கிறார் என்றால் ‘இன்’. இரண்டும் சரி, ஆனால் எதிர்பார்த்ததை விட்டு மற்றதை எழுதிய பிள்ளை புள்ளி இழக்கிறது. முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்துச் சூழலைக் கொடுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு சிறு படம் போடுங்கள்.

மாணவர் பக்கத்துக்கு உங்கள் பத்திரிகை மாதம் ஒருமுறை ஒரு மாவட்டத்தின் கோட்டுப் படத்தை வெளியிட்டால், ஆசிரியர்கள் அதை வெட்டி வகுப்பில் பாவிப்பார்கள். முதலாவது திருகோணமலையாக இருந்தால் கரை, குடா, துறைமுகம், தீவு, கோட்டை, மலை, பாலம், ரயில் பாதை எல்லாம் ஒரே படத்தில் கிடைத்துவிடும். கடலில் புறாத்தீவைக் குறிக்கும்போது ‘ஒஃப்’ என்பதற்கு இரண்டு ‘எஃப்’ இருக்கிறதா என்று அச்சுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.